தலைக்கு எண்பது வெள்ளிக் கீரை

வா தம்பி, உட்காரு. பசியாறிட்டியா? கோப்பி ஊத்தச் சொல்றேன்.

வாசல்ல நீ கழட்டி வச்ச சப்பாத்தைப் பாத்தேன். அடிப்பாகம் ரெண்டு விரக்கடை தடிப்பு. கையில ரெண்டு அலுமினியக் குச்சி. முதுகுல ஒரு பை. பையிலேர்ந்து வாய் வரைக்கும் ஒரு குழாய், நடந்துகிட்டே தண்ணி உறிஞ்ச. எங்கப்பா, எவரெஸ்ட்டுக்கா? இல்லையாம். பீடோங் பக்கம் கித்தாக் காட்டுக்காம். நாளைக்குச் சனிக்கிழமை 'குளிர்கால வன நடை'யாம். புதுசா முளைக்கிற காட்டுச் செடியெல்லாம் தேடிப் பாக்கப் போறீங்களாம். தலைக்கு எண்பது வெள்ளியாம்.

எவ்வளவு? இன்னொரு தடவை சொல்லு. காது மந்தம் இல்ல. மனசு நம்ப மாட்டேங்குது.

எங்கம்மா இதே வேலையை முப்பது வருசம் பாத்தா. பால் வெட்டு முடிஞ்சு லயத்துக்குத் திரும்பும்போது மடி நிறைய கீரையோட வருவா. ஒருத்தரும் அவகிட்டக் காசு கேக்கல. ஒருத்தரும் அவளுக்குத் தொப்பியும் குடுக்கல.

சிரிக்காத. நானும் அந்த நடைக்குப் போயிட்டு வந்தவன்தான். போன வாரம் பேத்தி இழுத்துட்டுப் போனா. அறுபது தாண்டினவங்களுக்குப் பாதிக் காசாம். நாப்பது வருசம் சும்மா நடந்த காட்டுல நாப்பது வெள்ளி கட்டி நடந்துட்டு வந்தேன். சரி, வருசத்துக்கு ஒரு வெள்ளின்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அதனால சொல்றேன். நாளைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் பேச்சைக் கேட்டுட்டுப் போ. இதுக்குக் கட்டணம் இல்ல.

முதல்ல ஒரு சந்தேகம். கெடாவுல குளிர்காலம் எங்கப்பா இருக்கு? எனக்கு எழுபத்தெட்டு வயசு. இந்த ஊர்ல நான் பாத்த குளிர் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, விடியக்காலம் பெரட்டுக்கு நிக்கும்போது இறங்குற பனி. இன்னொண்ணு, பேங்குல ஏர்கோன்.

ஆனா பொய் சொல்லக் கூடாது. குளிர்காலம் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. மனுசனுக்கு இல்ல, மரத்துக்கு. தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணியில காவடி இறக்கி வச்ச கையோட அண்ணாந்து பாரு. கித்தா இலை மஞ்சளாகும். அப்புறம் செம்பு நிறமாகும். அப்புறம் ஒரு காத்து வரும், பொலபொலன்னு மொத்தமும் கீழ. மாசியில தோட்டமே கம்பும் குச்சியுமா நிக்கும். கிராணி இதுக்கு இங்கிலீசுல 'விண்டரிங்'னு பேர் சொல்வார். நாங்க 'இலை கொட்டுற மாசம்'னு சொல்வோம். ரெண்டும் ஒண்ணுதான். அவர் சொன்னதுக்குச் சம்பளம் கூட.

மரம் ஏன் கொட்டுது? தை, மாசியில கெடா, பெர்லிஸ் பக்கம் வானம் வறண்டு கிடக்கும். அந்த நேரத்துல இலையை வச்சுக்கிட்டிருந்தா, வேர்ல இருக்கிற கொஞ்சம் தண்ணியும் இலை வழியா ஆவியாப் போயிடும். மரம் உக்காந்து கணக்குப் போடுது. வரவு இல்லையா, செலவைக் குறை. அவ்வளவுதான். நம்ம பிள்ளைங்க என்ன பண்ணுது? கடன் அட்டையைத் தேய்ச்சு கொரியாவுக்குப் போய் இலை கொட்டுறதைப் பாத்துட்டு வருது. இல்லாட்டி நம்ம கித்தா நிரையில நின்னுகிட்டு, "தாத்தா, இது கொரியா மாதிரியே இருக்கு"ங்குது. அடேய், கொரியாவை நீ பாக்கல, கித்தாவையும் நீ பாக்கல. எதை எதோட ஒப்பிடுற?

இந்த மரம் பிரேசில்காரன் மரம். 1876-ல விக்கம்னு ஒரு வெள்ளைக்காரன் அங்கேர்ந்து 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போய்ச் சேத்தான். மறு வருசம் அதுல முளைச்ச 22 நாத்து சிங்கப்பூர்ல வந்து இறங்குச்சு. அப்புறம் மரத்துக்குப் பால் வெட்ட ஆள் வேணுமே, நம்ம பாட்டன் பூட்டனைக் கப்பல்ல ஏத்தினாங்க. மரமும் கப்பல்ல வந்துச்சு, மனுசனும் கப்பல்ல வந்தான். ரெண்டுமே பொறந்த ஊர்ப் பழக்கத்தை விடல. அது இலை கொட்டுது, நாம பொங்கல் வைக்கிறோம்.

இப்ப நடையைச் சொல்றேன் கேளு.

காலையில எட்டரை மணிக்கு வரச் சொன்னாங்க. எட்டரையா? அது வெட்டு முடிஞ்சு பால் எடுக்கத் தயாராகுற நேரம். சரி, போனேன். பன்னெண்டு பேர். பன்னெண்டு பேரும் மரத்துக்கு ஏத்த மாதிரி பச்சையில சட்டை. வழிகாட்டி ஒரு பையன், விசில் வச்சிருந்தான். முதல்ல எல்லாரும் கண்ணை மூடி மூச்சு இழுக்கணுமாம். கேட்டா, 'வனக் குளியல்'னான். குளிக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா துண்டு கொண்டு வந்திருப்பேனே!

ஜப்பான்ல 1982-ல வனத்துறைக்காரங்க வச்ச பேராம் அது. மரத்து நடுவுல சும்மா நின்னு, மூச்சு விட்டு, மனசை லேசாக்குறது. நல்ல விசயம்தான், குத்தம் சொல்லல. காலமெல்லாம் கட்டடத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவனுக்கு மரக் காத்து மருந்துதான். ஆனா நானும் நாப்பது வருசம் விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு அதே காத்துல நின்னவன். அந்தக் குளியலுக்கு மூச்சு விடக்கூட நேரமில்ல. தண்டல் விட மாட்டான்.

கண்ணைத் தொறந்தோம். பத்தடி நடந்திருப்போம். வழிகாட்டி சடக்குனு மண்டி போட்டான். பன்னெண்டு பேரும் மண்டி போட்டாங்க. பன்னெண்டு போன் வெளிய வந்துச்சு. செடியைப் படம் புடிச்சா போனே பேர் சொல்லுமாம். ஒரு போன் ஒரு பேர் சொல்லுச்சு. பக்கத்துப் போன் வேற பேர் சொல்லுச்சு. மூணாவது போன் யோசிச்சுகிட்டே இருந்துச்சு. நான் எட்டிப் பாத்தேன். தொட்டாற்சுருங்கி! இத்தனை பேர் உத்துப் பாத்தா அது என்ன பண்ணும்? ஒருத்தன் விரல் பட்டதும் சுருண்டுகிச்சு. அதுக்கே வெட்கமாப் போச்சு. இவங்களுக்குத்தான் இல்ல.

அப்புறம் அல்லூர் ஓரமா வல்லாரை. மலாய்க்காரங்க 'பெகாகா'ன்னு பச்சையா உலாமுக்குத் தின்பாங்க, நாம துவையல் அரைப்போம். வழிகாட்டிப் பையன் குரலைத் தாழ்த்தினான். "இது மூளைக்கு நல்லது. சோழர்கள் கடாரத்துக்குக் கொண்டு வந்த மூலிகை." நான் கேட்டேன், "தம்பி, ராஜேந்திர சோழன் படை 1025-ல இந்தப் பக்கம் வந்துச்சு. வந்தவன் கையில வாள் இருந்துச்சா, வல்லாரைக் கட்டு இருந்துச்சா?" பையன் தண்ணி குடிச்சான். ஈரம் இருந்தா வல்லாரை தானா வரும்பா. அதுக்குக் கப்பல் படை தேவையில்ல. மூளைக்கு நல்லதுங்கிறதும் எனக்குச் சந்தேகம்தான். எங்கம்மா வாரத்துக்கு மூணு நாள் வல்லாரைத் துவையல் குடுத்தா. நான் மூணாம் வகுப்புல ரெண்டு வருசம் உக்காந்தேன்.

கொஞ்ச தூரம் போனா, ஒரு பிள்ளை பெரிய இலையைக் காட்டி, "சேம்பு! சேம்பு!"ன்னு குதிச்சுது. போனும் ஆமான்னு சொல்லிடுச்சு. ஏதோ ரொம்பத் துணிச்சல், தண்டை ஒரு கடி கடிச்சுது. அடுத்த நிமிசம் நாக்கை வெளிய போட்டுக்கிட்டு நின்னுது. வீட்டுச் சேம்பே வேகாட்டி அரிக்கும். காட்டுல நிக்கிறது அதோட முரட்டுப் பங்காளி. அதுக்குள்ள ஊசி ஊசியா உப்புப் படிகம் இருக்கு, கடிச்சா வாயெல்லாம் குத்தும். அந்தக் காலத்துல ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னாங்க. இந்தக் காலத்துல போன் சேம்பு நாக்குக்கு உதவாது. போன் கடிக்காதுப்பா, அதனால தைரியமாச் சொல்லும். கடிக்கிறது நீதானே?

இதுக்குத்தான் எங்கம்மா ஒரு சட்டம் வச்சிருந்தா. தெரிஞ்சதைப் பறி. தெரியாததைக் கேளு. கேக்க ஆள் இல்லையா, விட்டுட்டு வா. கீரை இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு முளைக்கும். நீ முளைப்பியா?

பூச்சோக் பாக்கு தெரியும்ல? ஆத்து ஓரம், நுனி சுருண்டு, பிடில் வாத்தியம் தலை மாதிரி இருக்கும். இந்த வறட்சி மாசத்துல மேட்டுல கிடைக்காது, தண்ணி ஓரமா இறங்கணும். நகத்தால ஒடிச்சா டக்குனு ஒடியணும். நார் இழுத்தா முத்திப் போச்சு, விட்டுடு. பாக்கு மாதிரியே சுருண்டு நிக்கிறதெல்லாம் பாக்கு இல்ல. மேட்டுக் காட்டுல முரட்டுத்தனமா வளர்ற சில சாதியைத் தொடாத, வயித்துக்கு ஆகாது. நல்லதுகூட வேகணும். தேங்காப்பால் ஊத்தி, நெத்திலி போட்டு ஒரு கொதி விட்டா, அந்த வாசனைக்குப் பக்கத்து லயத்துக்காரன் உப்புக் கடன் கேக்க வந்து நிப்பான்.

'பச்சையாச் சாப்பிட்டாத்தான் சத்து'ன்னு உன்கிட்ட யாராவது சொல்வாங்க. சொன்னா இதைக் கேளு. செக்கூர் மானிஸ்னு ஒரு கீரை. நம்ம வீட்டு வேலியிலயே நிக்கும். முட்டை உடைச்சு ஊத்தி வதக்குவோம், இல்ல சூப் வைப்போம். அதோட நிறுத்திக்குவோம். 1990கள் நடுவுல தைவான்ல சில பேருக்கு உடம்பு இளைக்கணும்னு ஆசை வந்துச்சு. இதே கீரையைப் பச்சையா அரைச்சு, சாறு புழிஞ்சு, தினமும் டம்ளர் டம்ளரா குடிச்சாங்க. உடம்பு இளைச்சுதோ இல்லையோ, நுரையீரல் கெட்டுப் போச்சு. இருநூறு பேருக்கு மேல. மூச்சுக் குழாய் அடைச்சுகிட்டு, சில பேருக்கு நுரையீரலையே மாத்த வேண்டியதாச்சு. கீரை மேல என்ன குத்தம்? நூறு வருசமாச் சட்டியில வெந்த கீரையை மெசின்ல போட்டவன் மேல குத்தம். பாட்டி வதக்கினான்னா சும்மாவா வதக்கினா? காரணம் கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனா சட்டியை அடுப்புல வைக்கத் தெரியும்.

இன்னும் ரெண்டு விசயம். இது கிண்டல் இல்ல, காதைக் கொடு.

ஒண்ணு, சருகு. இந்த மாசம் தோட்டம் முழுக்க முழங்கால் கீழ சருகுதான். அதே நிறத்துல ஒரு பாம்பு சுருண்டு கிடக்கும். மலாயில 'கபாக் போடோ'ம்பாங்க. போடோன்னா மடையன். ஏன் மடையன்? ஆள் வந்தாலும் ஓடாது. அசையாமப் படுத்தே கிடக்கும். மிதிச்சாக் கடிச்சுடும். இப்ப யோசிச்சுப் பாரு, ஓடாமக் கிடக்கிறது மடையனா, போனைப் பாத்துக்கிட்டே போய் மிதிக்கிறவன் மடையனா? பினாங்கு ஆஸ்பத்திரியில ரீட்னு ஒரு டாக்டர் இருந்தார். 1950கள்ல, 60கள்ல வட மலாயாவுல இந்தப் பாம்பு கடிச்சு வந்தவங்களைப் பாத்துப் பாத்து ஆராய்ஞ்சு எழுதினவர். கித்தாத் தோட்டத்துல இது புதுக் கதை இல்ல. கடிச்சுட்டா கீறாத, உறியாத, இறுக்கிக் கட்டாத. காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. உன்கிட்ட ரெண்டு அலுமினியக் குச்சி இருக்குல்ல? சருகைத் தட்டிட்டு நட. அந்தக் குச்சிக்கு நான் கண்ட ஒரே உபயோகம் இதுதான்.

ரெண்டாவது, மருந்து. நிரையில புல்லு ஒரே சீரா மஞ்சளாக் கருகிக் கிடந்தா, அங்க பறிக்காத. மருந்து அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நம்ம பொம்பளைங்கதான் முதுகுல தொட்டியைச் சுமந்துகிட்டு அதை அடிச்சாங்க. கையுறையும் இல்ல, முகமூடியும் இல்ல. நகம் உதிர்ந்து போனவங்க, மூக்குல ரத்தம் வந்தவங்க எத்தனை பேர். பாராகுவாட்டை 2020 ஜனவரியிலதான் இந்த நாட்டுல ஒரேயடியாத் தடை பண்ணினாங்க. அதுக்காக வேற மருந்தே இல்லன்னு நினைச்சுடாத. 'இயற்கை உணவு'ன்னு நீ பறிக்கிறது, முந்தாநாள் மருந்துல குளிச்சதா இருக்கலாம். அதுக்கும் வனக் குளியல்தான் பேரு.

கோப்பி ஆறுது, குடி.

இலை கொட்டுற மாசத்துல எங்கம்மா ஏன் கீரை பறிச்சான்னு கேட்டியா? கேக்கல. நானே சொல்றேன். இலை கொட்டினா பால் குறையும். காண்டாவுல தொங்குற வாளி பாதிகூட நிறையாது. ஸ்டோர்ல நிறுத்தா தராசு முள்ளு நகராது. பால் இளைச்சா சம்பளமும் இளைக்கும். நீ போட்டோ எடுக்கிறியே அந்தச் செவப்பு இலை, எங்க வீட்டுல அதுக்கு ஒரு பேரு உண்டு. கடன் இலை. மேல இலை விழ விழ, மளிகைக்காரர் புத்தகத்துல பக்கம் நிறையும். காசு இல்லாத மாசத்துக்கும் கீரை இருக்கிற மாசத்துக்கும் மரமே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்துச்சு. மேல இலை போனா கீழ வெயில் இறங்கும். வருசம் முழுக்க நிழல்ல கிடந்த தரையில ஒரு மழை பெஞ்சா போதும், எல்லாம் தலை தூக்கும். மணத்தக்காளி, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி. வெள்ளைக்காரன் ஊர்லயும் இதே கதைதானாம். மரம் தழைச்சு மூடுறதுக்குள்ள, கிடைக்கிற வெளிச்சத்துல தரைச் செடி அவசர அவசரமா முளைச்சுப் பூத்துடுமாம். ஏழைக்கு எந்த ஊர்லயும் அவசரம்தான்.

எங்கம்மா இந்தப் பாடத்தை அவங்கம்மாகிட்டப் படிச்சா. ஜப்பான்காரன் காலத்துல. 1943-ல கெடாவை அவன் தூக்கிச் சயாம்காரன் கையில குடுத்தான். தோட்டத்து ஆம்பளைங்களை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டு போனாங்க. போனவங்கள்ல நிறையப் பேர் வீடு திரும்பல. அரிசி இல்ல. மரவள்ளியும் கீரையும்தான். அப்ப எந்தக் கீரை திங்கலாம், எது ஆகாதுன்னு அவங்க கத்துக்கிட்டதுக்குக் கட்டணம் எண்பது வெள்ளி இல்ல தம்பி. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

சரி, நடை எப்படி முடிஞ்சதுன்னு சொல்லிடறேன். ரெண்டு மணி நேரம் பன்னெண்டு பேரும் தரையையே பாத்தாங்க. இல்ல இல்ல, தரையைப் பாத்த போனைப் பாத்தாங்க. ஒருத்தனாவது தலையை நிமித்தினானா? மேல, மொட்டைக் கிளை நுனியில, செம்புப் பொட்டு வச்ச மாதிரி புதுத் தளிர் விட்டிருந்துச்சு. இந்த வருசத்து முதல் தளிர். கித்தாத் தளிர்க் காம்புல தேன் சுரக்கும், தேனீ மொய்க்கும். 'ஙொய்'ன்னு சத்தம் கேட்டுச்சு. "ஏதோ டிரோன் பறக்குது"ன்னான் ஒருத்தன். முதல் தளிரைத் தேடிக் காசு கட்டி வந்தவங்க தலைக்கு மேலயே முதல் தளிர். கையில வெண்ணெய், நெய்க்கு அலைச்சல். நான் வாயைத் தொறக்கல. பாதிக் காசு கட்டினவன் முழுசா எதுக்குச் சொல்லணும்?

ஆனா உன்கிட்டச் சொல்றேன். அண்ணாந்து பாத்துக்கோ. பக்கத்துத் தோட்டமெல்லாம் செம்பனை ஆகிப் போச்சு. செம்பனைக்குத் தையும் ஒண்ணு, ஆடியும் ஒண்ணு. அது மொத்தமா இலை கொட்டாது, மொத்தமாத் தளிர்க்காது. கடைசிக் கித்தா மரம் சாஞ்ச அன்னிக்குக் கெடாவுல குளிர்காலமும் முடிஞ்சுது. அப்புறம் பேங்கு ஏர்கோன்தான்.

நாளைக்கு எண்பது வெள்ளி கட்டிட்டியா? திரும்பத் தர மாட்டாங்களா? சரி, போ. போயிட்டு வா. அடுத்த சனிக்கிழமை மட்டும் எங்கயும் போகாத. விடியக்காலம் ஆறு மணிக்கு இங்க வா. சப்பாத்து வேண்டாம், பழைய சிலிப்பர் போதும். குழாயும் வேண்டாம், கோப்பி நான் தர்றேன். பின்னால அல்லூர் ஓரத்துலேர்ந்து ஆத்தங்கரை வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். எல்லாப் பேரும் சொல்றேன்.

கட்டணமா? சீ, உன்கிட்டப் போய்க் காசு வாங்குவேனா!

வரும்போது அரைக் கிலோ நெத்திலி வாங்கிட்டு வா. நல்லதாப் பாத்து வாங்கு. நெத்திலி இல்லாம பாக்கு இறங்காது.